உள்ளே போனதைப் பார்த்தவள்

1994 ஆகஸ்டு 3, புதன்

பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துப் பாதி ஊர் எரிந்ததாகச் சேதி வந்த வருஷம் அது. அதற்கு முந்தின வருஷம் வங்காளத்தில் ஜனங்கள் கஞ்சித்தண்ணீருக்கு வழியில்லாமல் தெருவில் செத்தார்கள். அதற்கும் முந்தின வருஷம் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் காடும் மலையும் நடந்து, காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய்க்குச் சீட்டு, துணிக்குச் சீட்டு. மலையாண்டிக்கும் காத்தாயிக்கும் அந்த வருஷம் வைகாசியில்தான் கல்யாணம். மாப்பிள்ளை வேட்டிக்குச் சீட்டுக் கிடைக்காமல் மணியகாரர் வீட்டு வேட்டியை இரவல் வாங்கிக் கட்டினான்.

விமானத் திடலில் நான் வேலை பார்த்தது எந்த வருஷம் என்று எஞ்சினியர் தயாளன் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, நாற்பத்து நாலு என்றார். இருக்கட்டும். எனக்கு நம்பர் தெரியாது, நடந்தது தெரியும்.

எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது மலையாண்டியின் மகள் பஞ்சவர்ணம். பருத்திக்கண்மாய்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் எண்ணி வைத்துவிட்டு மூன்று மணிக்கு மேல் வருவாள்.

சண்டைக் காலத்து விமானத் திடலை மறுபடி எடுக்கப் போகிறார்களாம். ஓடுபாதையை நீட்ட வேண்டும். அதற்கு அங்கே நிற்கிற பழைய பானைக் கட்டிடம் இடைஞ்சல். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, இடிக்கிற மெஷின் வருகிறது. அதற்குமுன் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். குண்டு கிண்டு புதைத்திருந்தால் மெஷின் ஓட்டுகிறவன் சிதறிப்போவான். திடலில் வேலை பார்த்த கிழடுகள் இந்தப் பக்கத்தில் நாலைந்து பேர் இருக்கிறோம். பானைக் கட்டிடத்துக்கு உள்ளே போய் வந்தவன் சேவுகன்தான் என்று ஊரார் என்னைக் கைகாட்டி விட்டார்கள்.

"ஒரேயடியாச் சொல்ல வேண்டாம் பெரியவரே. ஞாபகம் வர்றப்ப தேதி போட்டு எழுதி வைங்க. நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார் எஞ்சினியர். அதனால் இந்த நோட்டு.

அடியில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். முதலில் அதை எழுதிக்கொள் என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்.

ஆகஸ்டு 4, வியாழன்

வெள்ளாட்டுக்குக் கழிச்சல். வேப்பிலை அரைத்து ஊற்றினேன். சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகஸ்டு 6, சனி

கட்டிடத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். ஜன்னல் கிடையாது. கிழக்கே வாசல், முள்வேலியைப் பார்த்தபடி. வடக்கே சாமான் கொண்டுபோக ஒரு சின்ன வாசல். அது வேலிப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது. வானத்தில் பறந்துகொண்டே எதிரி விமானத்தைச் சுடுகிற ஆட்களுக்கு அங்கே பாடம். உள்சுவர் முழுக்க வெள்ளை. நடுவில் சினிமா மெஷின் ஒன்று. அதைப் போட்டால் தலைக்கு மேலே விமானம் வரும், வளையும், நம்மேல் பாயும். பழகுகிற பையன் நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியை அதன் பின்னாலேயே திருப்புவான். துப்பாக்கிமேல் ஒரு விளக்குக் குழாய் பூட்டியிருக்கும். விசையை அழுத்தினால் குண்டு வராது, சுவரில் வெளிச்சப் பொட்டு விழும். பொட்டு விழுந்த இடத்தில், நுனியில் கரித்துணி கட்டிய நீள மூங்கிலால் ஒரு புள்ளி வைப்பது மலையாண்டியின் வேலை. பாடம் நடத்துகிற பட்டாளத்துச் சார்ஜன் புள்ளியை எண்ணிச் சீட்டில் குறித்ததும் அவனே ஈரத்துணியால் துடைப்பான். சுடும்போது சுவரோரமாகக் குந்தியிருப்பான். வெறும் வெளிச்சம்தானே, அதற்கு யார் பயப்படுவார்கள்.

பூச்சு வேலை செய்தவர் சாத்தையா கொத்தனார். செட்டியார் வீடுகளுக்குப் பூசின கை. வெள்ளையாகப் பூசு என்றதும் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கிவிட்டார். மெஷினைப் போட்டால் ஒரு விமானம் நாலாகத் தெரிந்தது. சார்ஜன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தேங்காய் நார் வைத்து மூன்று நாள் சுரண்டி மங்கலாக்கினோம். கொத்தனாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மலையாண்டி அவரிடம் போய், நாலு விமானம் வந்தால் நல்லதுதானே, நாலுக்கும் சேர்த்துக் கூலி கேட்போம் என்றான். அப்படிப்பட்டவன். எனக்கு ஒரு வயது மூப்பு, அண்ணன் முறை. ஆனால் வாடா போடாதான்.

உங்கள் வேலை என்ன என்று கேட்டாள். கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது, சொன்னதை எடுத்துக் கொடுப்பது என்றேன்.

ஆகஸ்டு 7, ஞாயிறு

இன்று காலையிலேயே வந்துவிட்டாள். நோட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா ஓடிப்போன கதைய நீங்க எங்கிட்ட நேராச் சொன்னதே இல்ல சித்தப்பா" என்றாள்.

சொல்லியிருப்பேன் என்றேன்.

"ஊரு சொல்லிக் கேட்டிருக்கேன். அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். நீங்க சொன்னதில்ல."

ஊருக்குத் தெரிந்ததை அவளும் எழுதட்டும். விஜயதசமி அன்று வேலைக்குப் போன மலையாண்டி வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் ஆள் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'ஓடிவிட்டான்' என்று எழுதினார்கள். மேஸ்திரி சுப்பராயலு சாவடிக்கு வந்து, சர்க்கார் கம்பளி ஒன்றையும் சுருட்டிக்கொண்டு அவன் கொழும்புக்குப் போய்விட்டான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். காத்தாயி மதினி அப்போது முழுகாமல் இருந்தாள், நாலாவது மாதம். வளைகாப்புக்கு யாரும் வரவில்லை. பஞ்சவர்ணம் மாசியில் பிறந்தாள். அவள் கல்யாணத்தின்போது பத்திரிகையில் அப்பன் பெயர் போடுவதா வேண்டாமா என்று சம்பந்தி வீட்டார் மூன்று நாள் பேசினார்கள். மணவறையில் அப்பன் இடத்தில் என்னையும் என் வீட்டுக்காரியையும் நிற்கச் சொன்னார்கள். நின்றோம்.

மதினி இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள், மஞ்சள் பூசுகிறாள். தாலியைக் கழற்றவில்லை. ஓடிப்போனவன் செத்தவன் இல்லையே.

ஆகஸ்டு 9, செவ்வாய்

எஞ்சினியர் ஜீப் அனுப்பி என்னைத் திடலுக்கு அழைத்துப்போனார். கட்டிடத்துக்குள் போய் ஐம்பது வருஷம் ஆகிறது. இப்போது வவ்வால். ஆட்கள் கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். கிழக்குப் பாதியில் ஒரு சத்தம், மேற்குப் பாதியில் வேறு சத்தம்.

"மேற்குப் பக்கம் மட்டும் தரைய ரெண்டு தடவ போட்டிருக்காங்க. ஏன் பெரியவரே?"

மழையில் தரை உட்கார்ந்துபோனது என்றேன்.

"கட்டடத்துக்குள்ளயா மழை?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பதினேழாம் தேதி அந்த இடத்தில் ஒரு குழி போட்டுப் பார்த்துவிடுவோம் என்று சீட்டில் குறித்துக்கொண்டார்.  வீட்டில் கம்பங்கூழ் கொடுத்தார்கள். ஆட்டுக்கு ஊற்றிவிட்டேன்.

ஆகஸ்டு 10, புதன்

தூக்கம் இல்லை. இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஆகஸ்டு 12, வெள்ளி

ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றிவிட்டு மதினி நேராக இங்கே வந்தாள். கையில் தூக்குவாளி. எனக்கும் கொண்டுவந்திருந்தாள். மகள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எதை எழுதுகிறாய் என்று கேட்டாள். பானைக் கட்டிடத்தைப் பற்றி என்று பஞ்சவர்ணம் சொன்னாள்.

"அதுல நான் சொல்றதையும் போடு" என்று மதினி எதிரில் உட்கார்ந்தாள்.

அந்த விஜயதசமி அன்றைக்கு அவள் கஞ்சி கொண்டுவந்து முள்வேலிக்கு வெளியே நின்றாள். மலையாண்டி மூங்கில் கழியோடு கிழக்கு வாசலில் நுழைந்தான். நுழையும்போது திரும்பிப் பார்த்து, இரு வருகிறேன் என்று கை காட்டினான். அவள் வெயில் தலைக்குமேல் ஏறும்வரை நின்றாள். அவன் வரவில்லை. இதை அவள் ஐம்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் பாவம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"உள்ள போனதப் பாத்தேன். வெளிய வந்ததப் பாக்கல. நீங்கதான் கொழுந்தனாரே வேலிகிட்ட வந்து, வடக்கு வாசல் வழியாப் போயிட்டாருன்னு சொன்னீக. நீங்க பொய் சொல்ல மாட்டீக. ஆனா எங்கண்ணும் பொய் சொல்லாது. ரெண்டும் எப்பிடி நெசமா இருக்கும்னு அன்னையிலருந்து யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் கூழைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்திருக்கும்போது சொன்னாள்: "இருவத்திரண்டாந் தேதி மெசினு முன்னாடி நான் போய் உக்காரப் போறேன். உள்ள போனவரு வெளிய வராம கட்டடத்த இடிக்க விடமாட்டேன்."

ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று பஞ்சவர்ணம் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்டு 14, ஞாயிறு

ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்கிறேன் என்று நானே ஆரம்பித்தேன். ஏன் ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

திடலில் ஆயுதக் கொட்டகை ஒன்று இருந்தது. நிஜத் துப்பாக்கிகளும் பாடத் துப்பாக்கியும் அங்கேதான். எல்லாம் ஒரே அச்சு. எங்களுக்கோ எழுத்துத் தெரியாது. அதனால் பாடத் துப்பாக்கியின் குழலில் மட்டும் வெள்ளை பெயிண்டால் ஒரு வளையம் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளை வளையம் இருந்தால் பானைக் கட்டிடத்துக்கு. வளையம் இல்லாதது சுடும் மைதானத்துக்கு. கூலியாட்களுக்கு அதுதான் எழுத்து.

ஆயுத பூஜை வந்தது. நாங்கள் எல்லாரும் போய்ச் சார்ஜனிடம் கேட்டோம். மம்பட்டி, கடப்பாரை, ரோடு உருளை, தண்ணீர் பம்பு எல்லாவற்றுக்கும் படைக்கிறோம், துப்பாக்கிக்கும் செய்யலாமா என்று. அவருக்கு வேடிக்கையாக இருந்தது, செய்யுங்கள் என்றார். கொட்டகையைக் கழுவி, துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாகச் சாய்த்து வைத்தோம். பொரி, கடலை, வாழைப்பழம். திருநீறு குழைத்தோம். பாடத் துப்பாக்கியின் வெள்ளை வளையத்தைக் காட்டி மலையாண்டி சொன்னான்: "இது ஒண்ணு மட்டும் பட்டை போட்டுக்கிட்டு நிக்கிது பாரு. மத்ததெல்லாம் கோவிச்சுக்காதாடா?" சிரித்துக்கொண்டே எல்லாத் துப்பாக்கிக்கும் குழலில் அதே இடத்தில் திருநீற்றால் பட்டை இழுத்தோம். குழைத்த திருநீறு காய்ந்தால் எப்படி இருக்கும்? பெயிண்ட் மாதிரி இருக்கும். பூஜை செய்ததை மறுநாள்வரை துடைக்கக் கூடாது அல்லவா? துடைக்கவில்லை.

சார்ஜனின் நாய்க்கும் பொட்டு வைத்தோம். அதன் பெயர் பிப்பின். செம்பட்டை நாய், இடது காது மடங்கியிருக்கும்.

கொட்டகையிலிருந்து துப்பாக்கி தூக்கி வருவது யாருடைய வேலை என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

ஒரு கூலியாள் என்றேன்.

"பேரு?"

ஞாபகம் இல்லை என்றேன்.

"நாய் பேரு ஞாபகம் இருக்கு. எந்தக் காது மடங்கியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு. கூட வேல பாத்த ஆளு பேரு மறந்துபோச்சா சித்தப்பா?"

வயதாகிவிட்டது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்று எழுந்து போனேன். மழை வரவில்லை.

ஆகஸ்டு 16, செவ்வாய்

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள்.

கட்டிடத்தின் மேற்குப் பாதியில் முனி இருக்கிறது, தோண்டாதீர்கள் என்று எஞ்சினியரின் ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் பயந்துபோய்க் கோழி கேட்டார்களாம். எஞ்சினியர் கோழி வாங்கிக் கொடுத்துவிட்டார். நாளைக்குத் தோண்டுகிறார்கள்.

ஆகஸ்டு 17, புதன்

காலையில் எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். பஞ்சவர்ணம் சமையல் பொறுப்பை ஆயாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கோழியை அறுத்து, சூடம் காட்டி, மூன்று பேர் குழியில் இறங்கினார்கள். மேல் தரை சுண்ணாம்பும் செங்கல்தூளும். அது பாறை மாதிரி. சாத்தையா கொத்தனார் கெட்டித்த தரை. அதை உடைக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. கீழே செம்மண். முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. மண் தவிர ஒன்றும் இல்லை.

எஞ்சினியர் எட்டிப் பார்த்து, போதும், ஒன்றும் இல்லை, மூடிவிடுங்கள் என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆட்கள் மண்ணைத் தள்ள மம்பட்டியை எடுத்தபோது என் வாய் சொல்லிவிட்டது.

"இன்னும் ஒரு முழம்."

சத்தமாகச் சொல்லவில்லை. எஞ்சினியர் ஜீப் பக்கம் போய்விட்டார், அவருக்குக் கேட்கவில்லை. என் பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டது. அவள் ஆட்களிடம், குழியை மூட வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நான் சாரிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். பிறகு பஸ் ஏறும்வரை என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் வந்து இதை மட்டும் சொல்லுங்கள் என்று உட்கார்ந்தாள். சொன்னேன், எழுதினாள், போய்விட்டாள்.

ஆகஸ்டு 19, வெள்ளி

நேற்று வரவில்லை. இன்று வந்தாள். கை கழுவினாள், நோட்டைத் திறந்தாள், தேதி போட்டாள்.

"சொல்லுங்க."

விஜயதசமி அன்று திடலுக்கு லீவு. ஆனால் ஒரு குழு மறுநாள் பர்மா பக்கம் கிளம்புகிறது. அதில் ஒரு பையனுக்குக் குறி சரியாக வரவில்லை. கடைசியாக ஒருதரம் பழக்கிவிடுகிறேன் என்று சார்ஜன் கட்டிடத்தைத் திறந்தார். மீசை முளைக்காத பையன். கூலியாட்களில் மூன்று பேர்தான். மலையாண்டி மூங்கிலோடு. சாத்தையா கொத்தனார் மேற்குப் பாதியில் தரையைப் பெயர்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார், சுண்ணாம்பு குழைத்துத் தயாராக இருந்தது. மூன்றாவது ஆள் துப்பாக்கி தூக்குகிறவன்.

அவன் கொட்டகைக்குப் போனான். உள்ளே வெளிச்சம் மட்டு. எல்லாத் துப்பாக்கியிலும் வெள்ளைப் பட்டை. பாடத் துப்பாக்கி எப்போதும் கதவோரம் இருக்கும் என்று கதவோரம் இருந்ததைத் தூக்கினான். பூஜைக்கு வரிசை மாற்றி வைத்ததே அவன்தான். அது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தத் துப்பாக்கி இரண்டு நாள் முன்பு மைதானத்திலிருந்து வந்தது. வெளியே துடைத்தோமே தவிர உள்ளே யாரும் பார்க்கவில்லை. உள்ளே ஒரு குண்டு தங்கியிருந்தது. சார்ஜனும் வெள்ளைப் பட்டையைத்தான் பார்த்தார். விளக்குக் குழாயைப் பூட்டிக் கொடுத்தார்.

மெஷின் ஓடியது. விமானம் வந்தது, வளைந்து கீழே இறங்கியது. பையனும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டே வந்தான். அழுத்தினான்.

அந்தக் கட்டிடத்துக்குள் இருமினாலே நாலு பேர் இருமின மாதிரி கேட்கும். சத்தம் வெளியே போகாமல் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூங்கில் சரிந்து சுவரில் நீளமாக ஒரு கரிக்கோடு இழுத்தது. மெஷினை யாரும் நிறுத்தவில்லை. விமானம் பாட்டுக்குச் சுவரில் பறந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சத்தில்தான் மலையாண்டியைப் பார்த்தோம். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தான். நெஞ்சில் கை வைத்திருந்தான்.

இங்கே பஞ்சவர்ணம் கேட்டாள்: "ஏதாச்சும் சொன்னாரா?"

சொன்னான். "காத்தாயி கஞ்சி கொண்டாந்திருப்பா" என்றான். அவ்வளவுதான்.

பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். சார்ஜன் கிழக்கு வாசலைத் தாழிட்டுவிட்டு, வடக்கு வாசல் வழியாக மேஸ்திரி சுப்பராயலுவை வரவழைத்தார். இரண்டு பேரும் தனியாகப் பேசினார்கள். மேஸ்திரி எங்களிடம் வந்து சொன்னார்: இது வெளியே போனால் ஜப்பான்காரனுக்காகச் செய்த சதி என்று கேஸ் எழுதுவார்கள். துப்பாக்கியை மாற்றி எடுத்து வந்தவனுக்குத் தூக்கு, கூட இருந்தவனுக்கு ஆயுள் தண்டனை. சண்டைக் காலம், நாங்கள் நம்பினோம். இன்றைக்கு யோசித்தால் சார்ஜன்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

தரை பெயர்ந்துதான் கிடந்தது. கொத்தனாரும் துப்பாக்கி தூக்குகிறவனும் தோண்டினார்கள். இடுப்புக்கு மேல். கொத்தனார் மடியிலிருந்த திருநீற்றை எடுத்து மலையாண்டியின் நெற்றியில் பூசினார். பிறகு மண், அதன்மேல் சுண்ணாம்பு. கொத்தனார் கெட்டித்தார். அவர் அவ்வளவு நன்றாகக் கெட்டித்த தரை வேறு எதுவும் இல்லை.

எல்லாம் முடிந்ததும், வேலிக்கு வெளியே ஒரு பெண் இன்னும் நிற்கிறாள், யாராவது போய் ஏதாவது சொல்லி அனுப்புங்கள் என்றார் மேஸ்திரி. துப்பாக்கி தூக்கி வந்தவனைத்தான் அனுப்பினார்கள். அவன் கை கழுவிக்கொண்டு போனான்.

பஞ்சவர்ணம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள்.  பிறகு அந்த வரியையும் எழுதினாள்.

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

என்னால் முடியாது என்றேன்.

"முடியாதுன்னா எப்பிடி? அம்பது வருசம் முடிஞ்சிருக்கே."

ஆகஸ்டு 20, சனி

எஞ்சினியர், கிராம அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள். பஞ்சவர்ணம் நேற்றே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், நோட்டைக் காட்டியிருக்கிறாள். மதினியிடம் மட்டும் சொல்லவில்லை. அதை எனக்கென்று விட்டுவிட்டாள்.

மதினி வந்து கட்டிடத்துக்கு வெளியே, கிழக்கு வாசலுக்கு நேரே நின்றாள். வேலி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் வேலி இருந்த இடத்தில்தான் நின்றாள். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை.

நான் அவளிடம் நடந்து போனேன். அன்றைக்கு நடந்த அதே தூரம். எப்படி ஆரம்பித்தேன், எந்த வார்த்தை முதலில் சொன்னேன் என்பது நினைவில்லை. இது நிஜமாகவே நினைவில்லை. குண்டு பட்டது, உள்ளேயே புதைத்தது, கஞ்சி கொண்டுவந்திருப்பாள் என்று அவன் சொன்னது, எல்லாம் சொன்னேன். துப்பாக்கியை யார் தூக்கி வந்தது என்பதைச் சொல்லவில்லை.

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கிழக்கு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றாள்.

"சரிதான் மதினி."

"என்னியக் கோட்டின்னாக. எங்கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு."

ஒரு முழம் தோண்டியதும் கிடைத்தது. எலும்பு, அரையில் வெள்ளி அரைஞாண். மதினியின் தகப்பனார் மாப்பிள்ளைக்குப் போட்டது. கொக்கியில் மீன் உருவம் செதுக்கியிருக்கும். போலீஸ்காரர் அதைக் காகிதத்தில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். மதினி கையில் வாங்கவில்லை. விரலால் கொக்கியைத் திருப்பி மீனைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நின்றேன். கேட்கவில்லை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

மெஷின் திங்கட்கிழமை வராதாம். எனக்கு அதனால் இனி என்ன.

ஆகஸ்டு 21, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் விசாரணை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில், கிராம அதிகாரி பக்கத்தில். எலும்பு யாருடையது என்று வாக்குமூலம் எழுதி நான் கைநாட்டு வைத்தால் மதினியிடம் ஒப்படைப்பார்கள், சுடுகாட்டுக்குக் கொண்டுபோகலாம். வாக்குமூலத்தை அவர்கள் ஆள் எழுதினார். எங்கள் நோட்டில் பஞ்சவர்ணமும் எழுதிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சில் மதினி. இன்று பொட்டு இல்லை. தாலி இருந்தது. அதைக் கழற்றுவது காரியம் முடிந்த பிறகு.

அன்றைக்கு உள்ளே யார் யார் இருந்தார்கள், அவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னேன்.

சுட்ட பையன். அவன் பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. மறுநாள் கிளம்பினான். ஐப்பசி மழைக்குள் அவன் போன விமானம் கடலில் விழுந்ததாகச் சொன்னார்கள். அன்றைக்குச் சார்ஜன் சாப்பிடவில்லை.

சார்ஜன். அடுத்த தை மாதம் விஷக்காய்ச்சலில் செத்தார். நாய் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை.

மேஸ்திரி சுப்பராயலு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம், படுக்கையில் ஆறு மாதம் கிடந்து செத்தார்.

சாத்தையா கொத்தனார். சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம். சாகும் முன்பு ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, போய்ச் சொல்லிவிடுடா என்றார். சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

மலையாண்டி.

"அஞ்சு பேரு ஆச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "துப்பாக்கியக் கொண்டாந்த கூலியாளு?"

வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த யாருடைய மாடோ கத்திக்கொண்டிருந்தது. மதினி முகத்தைத் திருப்பவில்லை. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள். காத்திருக்கத் தெரிந்தவள்.

"பேரச் சொல்லுங்க, எழுதணும்" என்றாள் பஞ்சவர்ணம். சித்தப்பா என்று சொல்லவில்லை.

மதினியைப் பார்த்துச் சொன்னேன். சேவுகன். தகப்பனார் பெயர் உடையப்பன். ஊர் பருத்திக்கண்மாய். அன்றைக்கு அந்தக் கட்டிடத்துக்குள் போனவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவன் சேவுகன் ஒருவன்தான்.